முகத்தை மட்டும் மறைச்சாக

யக்கா, இது இளம்பிள்ளைச் சேலைதானே? பார்டரத் தொட்டதும் சொல்லிருவேன். கேக்காமத் தொட்டுட்டேன், கோச்சுக்கிடாதீக, தொழிலு அப்படி. நீங்களும் கோவில்பட்டியா? அப்பச் சரி. சன்னல் சீட்ட நீங்களே வச்சுக்கங்க. எனக்குக் காத்தெல்லாம் வேண்டாம், பேச ஒரு ஆள் இருந்தாப் போதும்.

நான் ஒத்தையில வரல. அந்தா, ரெண்டு சீட்டுக்கு முன்னால மாஸ்க்கு போட்டு, முடிய இழுத்துக் கட்டி, காதுல ஒயர மாட்டிக்கிட்டு உக்காந்துருக்குல்ல, அது என் புள்ளதான். பக்கத்துல உக்காருன்னா உக்காராது. காலையில வரும்போதும் அது ஒரு சீட்டு, நான் ஒரு சீட்டு. ஆணா பொண்ணான்னு பாக்கீக. பாருங்க, பாருங்க, எல்லாரும் பாக்கதுதான். அதுக்குத்தான் மதுரைக்குப் போயிட்டு வாரோம், கோர்ட்டுக்கு. இன்னைக்குத் தீர்ப்பு.

டிவியில பாத்திருப்பீக. சேலைக்காரி கேசு, சேலைக்காரி கேசுன்னு ரெண்டு வருசமா ஓட்டுனாகளே. அந்தச் சேலைக்காரி நான்தான், செண்பகவல்லி. டிவியில வந்தவ பஸ்சுல வரக்கூடாதா, ஏன் அப்படிப் பாக்கீக?

மொதல்ல இருந்து சொல்றேன். அப்பத்தான் உங்களுக்கு நியாயம் தெரியும்.

நான் செல்போன்ல லைவ் போட்டுச் சேலை விக்கிறவ. வீட்டுல ஒரு கட்டில், அதுமேல வெள்ளைத் துணி, மேல ஒரு லைட்டு. போன ஸ்டாண்டுல கவுத்து வச்சுட்டா சேலை தெரியும், கை தெரியும். முகம் தெரியாது. எனக்கு மொகத்தக் காட்டுறதுல கூச்சம். வாய்க்குக் கூச்சம் கிடையாது, அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். கொரோனாவுல ஊரே பூட்டிக் கெடந்தப்ப ஆரம்பிச்சேன். ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கிருச்சு. முப்பது சேலை பிரிச்சுக் கெடக்கு, லைவ்ல ஆள் வந்துட்டாக. அப்பப் பத்து வயசு இதுக்கு. “நகருமா, நான் பேசுறேன்”னு வந்து நின்னுச்சு. “யக்காமாரே, கண்ண மூடிக்கங்க, நான் முந்திய விரிக்கப் போறேன். ம்ம், இப்பத் தொறங்க.” யார் சொல்லிக் குடுத்தா? நான் சொல்லிக் குடுக்கல. அன்னைக்கு இருந்த சரக்கு மொத்தமும் போச்சு.

அதுல இருந்து கஸ்டமரெல்லாம், “பாப்பா எங்க, பாப்பாவ வரச் சொல்லுங்க”ன்னு கேக்க ஆரம்பிச்சாக. பாப்பான்னு நான் சொல்லல யக்கா. அவுகளா வச்சுக்கிட்டாக. இல்லன்னும் நான் சொல்லல, அது வேற விசயம். யாவாரத்துல போயி ஒவ்வொருத்திகிட்டயும் விளக்கிக்கிட்டா இருப்பாக? ஆனா ஒண்ணு, அந்தப் பாப்பாங்கிற வார்த்தையப் படிக்கும்போதெல்லாம் இது மூஞ்சி மலரும் பாருங்க. அப்படி ஒரு மலர்ச்சிய நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. பள்ளிக்கூடத்துல போட்டு அடிச்சு அனுப்புவானுக, சட்டை கிழிஞ்சு வரும். வந்ததும் மூஞ்சியக் கழுவிட்டு கட்டில் பக்கம் வந்து நின்னுக்கிரும். அந்த லைட்டுக்குக் கீழ மட்டும் அது பொம்பளப்புள்ள.

பேரு இசக்கிராஜா, அவுக அப்பா வச்சது. “பேர மாத்த வேண்டாம்மா, ராஜாவ மட்டும் வெட்டிட்டாப் போதும்”னு ஒரு நாள் சொல்லுச்சு. நான் சிரிச்சுட்டேன். அது சிரிக்கல. ரெண்டு மூணு வருசம் சொன்னதையே சொல்லுச்சு. நானும் கோவிலுக்குப் போனேன், மந்திரிச்சேன், அடிச்சேன், அழுதேன். தாய்னா என்ன செய்வாளோ எல்லாம் செஞ்சேன். ஒண்ணும் நடக்கல. நான்தான் மாறுனேன்.

பன்னெண்டு முடிஞ்சு பதிமூணு நடக்கையில, லைவ்ல பேசிக்கிட்டு இருக்கும்போது தொண்டை ஒரு வாட்டி கரகரன்னுச்சு. உங்களுக்கும் எனக்கும் அது ஒண்ணுமே இல்ல. ஆம்பளப்புள்ள, குரல் உடையுது, வளருதுன்னு சொல்லுவோம். இது போய்க் குளியலறையப் பூட்டிக்கிச்சு. கதவ உடைச்சுத்தான் தொறந்தோம். கழுத்தெல்லாம் நகக் கீறல். தொண்டைய வெளிய எடுத்துப் போட்டுரணும்னு பாத்திருக்கு.

அப்புறம்தான் மதுரையில ஒரு டாக்டரம்மாவப் பாத்தது. உடனே ஊசி போட்டாகன்னு கேசுல எழுதிருக்கான், பொய்யி. ஆறேழு மாசம் பேச்சுதான். இதுகிட்டத் தனியா, என்கிட்டத் தனியா, அவுக அப்பா லாரிய நிப்பாட்டிட்டு வந்தா அவருகிட்டத் தனியா. கடைசியிலதான் ஊசின்னாக. மாத்துற ஊசி இல்ல, நிறுத்தி வைக்கிற ஊசி. மீசை முளைக்கிறது, குரல் உடையுறது எல்லாத்தையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கும். “புள்ள வளந்து நிதானமா யோசிக்க நேரம் வாங்கித் தாரேன், அவ்வளவுதான்”னாக. “எல்லாம் எனக்குத் தெரியும்னு சொல்ல மாட்டேன், எலும்பு பலம் குறையுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும், வேண்டாம்னா நிப்பாட்டிறலாம்”னும் சொன்னாக. “ஆனா ஒண்ணு, உடைஞ்ச குரலுக்கு மருந்து கிடையாது”ன்னாக. அது மட்டும் என் மனசுல ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. அவுக அப்பா கையெழுத்துப் போட்டாரு. என்னமும் செய்யின்னு போட்டாரு, ஆனாப் போட்டாரு.

அந்த ஒரு வருசம் இருக்கே யக்கா. சாப்புட்டுச்சு, தூங்குச்சு, படிச்சுச்சு. வீட்டுல ஒரு மனுச வாடை வந்துச்சு. லைவ்ல அப்படி ஒரு கூட்டம். சிங்கப்பூர்ல இருந்தெல்லாம், பாப்பா பேசுனாத்தான் வாங்குவேன்னு ஒருத்தி.

சரி, அந்த டிவிக்கு வாரேன்.

எல்லா டிவியிலயும் ஞாயித்துக்கெழமை ரெண்டு பக்கமும் ஆள உக்கார வச்சுப் பேச விடுவாகள்ல, அந்த மாதிரி ஒண்ணு. இந்த மாதிரிப் புள்ளைகளப் பெத்தவுக ஒரு பக்கம், வேண்டாங்கிறவுக எதிர்ப்பக்கம். எங்க கொரியர்க்காரத் தம்பியோட மச்சான் அந்த டிவியில இருக்கான். நம்ம வீட்டு விசயத்தத் தம்பிகிட்ட நான்தான் சொல்லிருந்தேன், தினம் வாரவன்ல, மனசு கேக்காமச் சொன்னேன். கூப்புட்டாக. இது, “போகாதம்மா, நம்ம வீட்டோட இருக்கட்டும்”னுச்சு. அழுதுச்சு, கையப் புடிச்சுச்சு. நான் சொன்னேன், “கிறுக்கே, மொகத்த மறைச்சுருவாக, பேரச் சொல்ல மாட்டேன், ஊரச் சொல்ல மாட்டேன். எங்கயோ ஒரு தாய் புள்ளையப் போட்டு அடிச்சுக்கிட்டு இருப்பா, அவளுக்கு ஒதவும்ல.” தப்பா யக்கா? எனக்கும் மைக்கப் புடிச்சு நாலு பேரு முன்னாடி பேசணும்னு ஆசைதான், இல்லன்னு சொல்லல. ஆனா நல்லதுக்குத்தானே போனேன்.

என்னமாப் பேசுனேன் தெரியுமா. எதிர்ப்பக்கம் ஒரு வாத்தியாரு, “பதிமூணு வயசுல புள்ளைக்கு என்ன தெரியும்”னாரு. “சார், பதிமூணு வயசுல உங்களுக்கு நீங்க ஆம்பளன்னு தெரியாமயா இருந்துச்சு”ன்னு கேட்டேன். விசிலடிச்சாக யக்கா. நடத்துறவரே எந்திரிச்சு நின்னு கை தட்டுனாரு. கையெல்லாம் ஆட்டி ஆட்டி, சேலைய விரிக்கிற மாதிரியே பேசிருக்கேன், பின்னாடி பாத்தா எனக்கே சிரிப்பு.

சொன்ன மாதிரி மொகத்தக் கலங்கலா ஆக்கித்தான் போட்டாக. மறுநாள் விடியலயே போனு. “யக்கா, டிவியில நீங்கதானே? குரலக் கேட்டதும் தெரிஞ்சுருச்சு.” “யக்கா, அந்தப் பச்சக் கண்ணாடி வளையல் உங்களுதுதானே?” “நம்ம பாப்பாவா யக்கா அது?” ஒருத்தி ரெண்டு பேரு இல்ல, அத்தன பேரும். என் கஸ்டமர் எவளாச்சும் என் மூஞ்சியப் பாத்திருக்காளா சொல்லுங்க. என் குரலும் கையும்தான் அவளுகளுக்குத் தெரியும். மொகத்த மட்டும் மறைச்சு என்ன பிரயோசனம்? குரல மாத்திப் போட வேண்டாமா? கைய மறைக்க வேண்டாமா? அம்புட்டுப் படிச்சவனுக, இது கூடத் தெரியல பாருங்க. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அந்த டிவிக்காரன் மேல ஆத்திரம் அடங்கல.

இது ஒண்ணும் கத்தல. போன வாங்கி, வந்திருந்த மெசேஜ ஒவ்வொண்ணா கீழ வரைக்கும் படிச்சுச்சு. படிச்சுட்டுக் குடுத்துருச்சு. அத்தோட சரி.

ஒரு வாரத்துல கட்சிக்காரங்க வந்துட்டானுக. ஒரு கட்சி பொன்னாடை கொண்டு வந்துச்சு. புரட்சித் தாய்னு சொல்லி எனக்குப் போத்தி, போட்டோ எடுத்து, பாப்பாவையும் கூப்புடுங்கன்னாக. அது கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சுக்கிச்சு. இன்னொரு கட்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மேடை போட்டு, “கோவில்பட்டியில ஒரு தாய் பெத்த மகன ஊசி போட்டு மாத்துறா”ன்னு பேசுச்சு. எங்க வீட்டு வரைக்கும் கேட்டுச்சு, மைக்செட்டுக் குழாய அப்படித் திருப்பி வச்சிருந்தானுக. அப்புறம் தெனமும் டிவியில எட்டுப் பேரு. அறிவியல்ங்கிறான், பண்பாடுங்கிறான், அந்த நாட்டுல நிறுத்திட்டான், இந்த நாட்டுல நிறுத்தலைங்கிறான். எட்டுப் பேருல ஒருத்தனாச்சும், அந்தப் புள்ள இப்ப என்ன செய்யுதுன்னு கேட்டானா? கேக்கல.

கேசு போட்டது தளவாய்னு ஒரு மனுசன், ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். கெட்டவரு இல்ல யக்கா, அதுதான் கொடுமை. கோர்ட்டுக் கேண்டீன்ல எனக்குக் காப்பி வாங்கிக் குடுத்தாரு. “தங்கச்சி, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. என் மகளும் பதிமூணு வயசுல இதே மாதிரி சொன்னா, பதினேழுல இல்லன்னுட்டா. அன்னைக்கு நான் அவசரப்பட்டிருந்தா இன்னைக்கு அவ மூஞ்சியில முழிக்க முடியுமா”ன்னாரு. “அது உங்க மக சார், இது என் மக”ன்னேன். “அத யாரு முடிவு பண்ண, நீங்களா நானா, அதான் கோர்ட்டுக்கு வந்தேன்”னாரு. காப்பி ஆறிப் போச்சு, ரெண்டு பேரும் குடிக்கல.

மொத நாளே தடை குடுத்துட்டாக. கேசு முடியுற வரைக்கும் ஊசி போடக் கூடாது. டாக்டரம்மா போன்ல அழுதாக. “என் கையக் கட்டிட்டாகம்மா, சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க, நமக்கு ரொம்ப நாள் இல்ல”ன்னாக. சீக்கிரமா? வாய்தா, வாய்தா, வாய்தா. ஒரு நாள் வக்கீலுக வேலைக்கு வரல. ஒரு நாள் ஜட்ஜ் மாறிட்டாரு. ஒரு நாள் அரசாங்க வக்கீல் எந்திரிச்சு, கொள்கை முடிவு எடுக்க அவகாசம் வேணும்னாரு, ஏன்னா எலெக்சன் வருது. எந்தக் கட்சிக்கும் வாயத் தொறந்து ஆமான்னோ இல்லன்னோ சொல்லப் பயம். ஊசி மருந்து ஒடம்புல மூணு மாசம் நிக்கும். அதுக்கு வாய்தா கிடையாதுல்ல.

அந்தத் தீவாளி யக்கா. அதச் சொல்லணும். டிவிக்கு அப்புறம் இது லைவ் பக்கமே வரல. நானா தனியாப் பேசிப் பாத்தேன், ஓடல. லைவ்ல வந்து அசிங்கமாக் கமெண்ட்டு போடுறவனுகதான் அதிகம். தீவாளிச் சரக்கு அலமாரி நெறயத் தேங்கிக் கெடக்கு. ஒரே ஒரு தடவை வந்து பேசு சாமி, அம்மாவுக்காகன்னு கூப்புட்டேன். மாட்டேன்னுச்சு. ரொம்பக் கெஞ்சுனதும் வந்துச்சு. பழைய மாதிரியே, “யக்காமாரே, கண்ண மூடிக்கங்க”ன்னு ஆரம்பிச்சுச்சு. கண்ணத் தொறங்கன்னு சொல்லப் போகையில குரல் ரெண்டாப் பொளந்து, அடியில இருந்து ஒரு ஆம்பளக் குரல் வந்துச்சு. ரெண்டாவது வாட்டி சொல்லிப் பாத்துச்சு. மூணாவது வாட்டியும் சொல்லுச்சு. போன்ல சிரிக்கிற பொம்மையா ஏறுது, சரஞ்சரமா. கையில இருந்த சேலைய மடிச்சு, ஓரமா வச்சுட்டு உள்ள போயிருச்சு. மடிச்சுத்தான் வச்சுச்சு யக்கா, தூக்கி எறியல.

அன்னையோட பேச்சு நின்னு போச்சு. சாப்புட வான்னா தலைய ஆட்டும். எதாச்சும் வேணும்னா போன்ல எழுதிக் காட்டும். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எனக்கு மெசேஜ் அனுப்பும், அம்மா தலைவலி மாத்திரைன்னு. பத்தாவது பரீட்சை எழுதுச்சு, பள்ளிக்கூடத்துல யாரும் அதுகிட்டப் பேசுறதில்ல, அதும் யாருகிட்டயும் பேசுறதில்ல. மாஸ்க்கக் கழட்டாது, தாடை தெரிஞ்சுரும்னு. நான் பேசிக்கிட்டே இருப்பேன், வீடு வெறிச்சுனு இருக்கக் கூடாதுல்ல.

கோர்ட்டுல என்ன செஞ்சாக தெரியுமா? நம்ம பழைய லைவ்வ எல்லாம் எடுத்துப் போட்டுக் காட்டுனாக. அம்புட்டுப் பெரிய ஹால்ல, கறுப்புக் கோட்டெல்லாம் உக்காந்துருக்க, என் புள்ளையோட அந்தப் பழைய குரல் கேக்குது. “யக்காமாரே, கண்ண மூடிக்கங்க.” எங்களுக்கு எதிரா வாதாடுற வக்கீல் எந்திரிச்சு, “கனம் நீதிபதி அவர்களே, யாவாரத்துக்காக இந்தத் தாய் மகனப் பொண்ணாக்கிருக்கா, இதுல புள்ளையோட விருப்பம் எங்க இருக்கு, எல்லாம் தாயோட விருப்பம்”ங்கிறாரு. அவுக அப்பாவக் கூப்புட்டுக் கேட்டாக. “வீட்டுல அவ சொல்றதுதான் சார்”னுட்டு எறங்கிட்டாரு. அந்த மனுசனுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?

ஆனா ஜட்ஜ் நல்லவரு. வயசானவரு. “நீங்கெல்லாம் பேசுனது போதும், நான் புள்ளகிட்டக் கேக்கணும்”னு சொல்லிட்டு, தன்னோட ரூமுக்குள்ள கூப்புட்டாரு. நானும் எந்திரிச்சேன். “அது பேசாது ஐயா, நான் வந்து சொல்றேன்”னேன். “நீங்க வெளிய இருங்கம்மா”ன்னாரு. ரொம்ப நேரம். பிஸ்கட்டெல்லாம் குடுத்தாராம். “உனக்கு என்ன வேணும், பயப்படாமச் சொல்லு”ன்னு கேட்டாராம். வாயத் தொறக்கல. பேப்பரும் பேனாவும் குடுத்தாராம், அதுலயும் ஒரு எழுத்து எழுதல. வெளிய வந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துல, “நீ கேட்டதுதானே இது, ஏண்டி சொல்லல”ன்னு புடிச்சு உலுக்கிட்டேன். போன எடுத்து எழுதிக் காட்டுச்சு. “நான் எது சொன்னாலும் அது நீ சொல்றதுன்னுதானம்மா சொல்றாங்க.” பாத்தீகளா, கடைசியில என்னத்தான் குத்தம் சொல்லுது. இதுக்காக நான் எத்தன எடத்துல பேசிருக்கேன்.

அது ரூமுக்குள்ள வாயத் தொறக்காததத்தான் இன்னைக்குத் தீர்ப்புல எழுதிருக்காக. பெரிய ஆளுகள வச்சு ஒரு குழு போடணுமாம். குழு சொல்ற வரைக்கும் பதினெட்டுக்குக் கீழ யாருக்கும் இந்த ஊசி கூடாதாம். எங்க கேசப் பொறுத்தவரைக்கும், சம்பந்தப்பட்ட குழந்தை தன் விருப்பம் என்னன்னு தெரிவிக்கலயாம், அதனால பதினெட்டு வயசானதும் அதுவே முடிவு பண்ணிக்கலாமாம். எத முடிவு பண்ண? போன குரலையா? அந்தக் குரல் போனதாலதானே யக்கா அது வாயத் தொறக்கல. வாயத் தொறக்கலைங்கிறதாலதானே விருப்பம் இல்லைங்கிறாக. இத நான் யாருகிட்டப் போயிச் சொல்ல? என் வக்கீல் பைலக் கட்டிட்டு, மேல போலாம்மான்னாரு. மேலன்னா டெல்லி. போயி என்னத்தக் கேக்க? நிறுத்தி வைக்கிறதுக்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கு?

வெளிய வந்தா ரெண்டு கட்சியும் லட்டு குடுக்குது. தடை நீடிக்குதுன்னு அவனுகளுக்கு ஜெயம், குழு போட்டாச்சுன்னு இவனுகளுக்கு ஜெயம். ஒருத்தன் ஆள் தெரியாம என் கையிலயும் ஒண்ண வச்சுட்டுப் போறான். மைக்கு வச்சிருந்த பொண்ணு ஒண்ணு ஓடியாந்து, “அம்மா, எப்படி உணர்றீங்க”ன்னுச்சு. சொன்னேன். விடல, எல்லாத்தையும் சொன்னேன். சாயங்காலம் போடுவாக, பாருங்க. இது அதுக்குள்ள பஸ்சுல ஏறி உக்காந்துருச்சு.

என்ன யக்கா, என் தோளுக்கு மேல பாக்கீக?

என்னடி, எந்திரிச்சு வந்துட்ட? பஸ் ஓடும்போது கம்பியப் புடிச்சு நில்லு. தண்ணி வேணுமா? வாந்தி வருதா? போன எடுத்து எழுதிக் காட்டு. எதுக்கு மாஸ்க்கக் கழட்டுற?

“யம்மா. என்னப் பத்திப் பேசாத. போதும்.”

யக்கா.

கேட்டீகளா?

ஒரு நிமிசம் அவுக அப்பா வந்து நிக்காருன்னு நெனச்சுட்டேன். அச்சு அசல் அந்தக் குரல், அந்தக் கட்டை. நடுவுல பொளவு கூட இல்ல, முழுசா எறங்கி உக்காந்துருச்சு. பஸ்சே திரும்பிப் பாக்குது, பாருங்க. அது போயி உக்காந்துருச்சு. மாஸ்க்க மறுபடி போட்டுக்கிச்சு.

ரூமுக்குள்ள அந்த ஜட்ஜ் பிஸ்கட்டு குடுத்துக் கேட்டாருல்ல. அங்க இந்த வாயத் தொறந்திருந்தா என்ன? அம்புட்டு நாள் கழிச்சுத் தொறந்தது எங்கிட்டத்தானா?

இல்ல, நான் அழல. தூசி.

சரி, இந்தப் பக்கம் கொஞ்சம் சாஞ்சுக்கங்க யக்கா. மெதுவாச் சொல்றேன், அதுக்குக் கேக்காம.